தராசு பழுதாயிருந்த ஒன்பது நாள்

அந்த மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில், பெரிய டாக்டரின் மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. இடது தட்டில் அட்டை விழுந்தவர்களுக்கு நோய் இருந்தது. வலது தட்டில் விழுந்தவர்களுக்கு எடை இருந்தது.

எந்த அட்டை எந்தத் தட்டுக்குப் போகும் என்பதை முடிவு செய்தது ஒரு சிவப்புப் பென்சில். அந்தப் பென்சில் தராசக்காவின் சட்டைப் பையில் இருந்தது.

தராசக்கா என்பது ஊழியர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும். இருபத்தாறு வருடமாக அதே ஜன்னலோரம், அதே உயரமான பழைய தராசுக்குப் பக்கத்தில் நின்றவள். செருப்பைக் கழற்றச் சொல்வாள், மேலே ஏற்றுவாள், இரும்புத் தண்டில் பித்தளை எடைக்கல்லை நகர்த்துவாள், எண்ணை அட்டையில் எழுதுவாள். அவளே நூறு கிலோவைத் தாண்டியவள். லிஃப்ட் நின்றுபோனால் ஆக்ஸிஜன் சிலிண்டரை மூன்றாம் மாடிக்கு ஏற்ற முதலில் கூப்பிடுவது அவளைத்தான். மதியம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் எட்டிப் பார்ப்பதும் அதே ஆட்கள்தான்.

"என்னக்கா, இவ்வளவுதானா? நம்பவே முடியலையே."

"உனக்கும் வேணுமா? வாயத் திற, ஊட்டி விடறேன். நாளைக்கு சிலிண்டரை நீ தூக்கு."

சிவப்புப் பென்சில் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எடைக் குறைப்பு ஆராய்ச்சி என்று ஒன்றை அங்கே தொடங்கினார்கள். அதை நடத்த வந்தவர் தினமும் காலையில் ஓடுகிற, ஓடுவதைப் பற்றி மாலை வரை பேசுகிற ஒரு டாக்டர். ஆராய்ச்சி டாக்டர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருந்தால் எண்ணைச் சிவப்பில் சுழிக்க வேண்டும், அந்த அட்டை வலது தட்டுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய யோசனை. பெரிய டாக்டருக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது. வலது தட்டுக்காரர்களை நாற்காலியில் உட்காரச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டு வலியா, தலை சுற்றலா, காதில் இரைச்சலா, எதுவானாலும் ஒரே அச்சடித்த தாள். காலையில் அரை ஆப்பிள், மாலையில் ஒரு கிண்ணம் சூப், இடையில் நடை. அட்டையில் 'குறைக்கவும்' என்று எழுதிக் கையெழுத்து. இரண்டு நிமிடத்தில் ஆள் வெளியே.

தராசக்காவுக்கே அந்தத் தாள் கிடைத்தது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது அவளும் வரிசையில் நின்றாள். பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடையைக் குறைங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"கை உடைஞ்சிருக்கு டாக்டர்."

"அதான் சொல்றேன். விழும்போது அவ்வளவு பாரமும் கைமேலதானே வருது."

தரையை ஈரமாக விட்டுப் போனவன் ஐம்பது கிலோ. அவனுக்கு யாரும் தாள் கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து எக்ஸ்ரே பிரிவில் தெரிந்த பையன் ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் படம் எடுத்துக் கொடுத்தான். எலும்பில் கீறல். கட்டுப் போட்ட கையோடு அவள் மறுநாளும் தராசுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கோபம் இருந்தது. ஆனால் கோபத்தைத் தூக்கி வைக்க அந்த அறையில் இடம் இல்லை.

ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதை அவளைவிட நன்றாகப் பார்த்தவர் யாரும் இல்லை. வலது தட்டிலிருந்து நூற்று நாற்பது பேரைச் சேர்த்தார்கள். மாதம் ஒரு தடவை வந்து எடை பார்க்க வேண்டும், ஆறு மாதம். முதல் மாதம் எல்லோரும் வந்தார்கள். பட்டினி கிடந்தால் யாருக்கும்தான் முதல் மாதம் குறையும். மூன்றாம் மாதம் எடை நின்றது. நான்காம் மாதம் சிலருக்கு ஏறியது. ஏறியவர்கள் தராசைவிட்டு இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அடுத்த மாதம் அவர்கள் வருவதில்லை.

வராதவர்களின் அட்டைகளை இழுப்பறையிலிருந்து எடுக்கச் சொல்லி ஆராய்ச்சி டாக்டர் அவளிடம்தான் ஒரு பட்டியல் கொடுத்தார்.

"எடுத்து என்ன செய்ய டாக்டர்?"

"என்ன வேணா செய்யுங்க. அவங்க முடிக்கல, அதனால கணக்குல வர மாட்டாங்க."

"அவங்களுக்கு ஏறினதாலதானே வரல?"

"ஒழுங்கா செஞ்சவங்களுக்கு ஏறாதும்மா."

"அப்படிப் பார்த்தா, செத்தவங்களை எண்ணாம விட்டா நம்ம ஆஸ்பத்திரியில ஒருத்தர்கூட சாகல டாக்டர்."

அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பார். தராசக்கா எண்பத்தெட்டு அட்டைகளை ரப்பர் வளையம் போட்டு, பஞ்சு வந்த அட்டைப் பெட்டி ஒன்றில் வைத்து, தராசுக்குப் பின்னால் தள்ளினாள். எறியச் சொல்லவில்லை, அதனால் எறியவில்லை. மீதி ஐம்பத்திரண்டு பேரை வைத்துக் கூடத்தில் ஒரு பலகை எழுந்தது: 'சராசரி எட்டுக் கிலோ குறைவு! உங்களாலும் முடியும்!' அந்த ஐம்பத்திரண்டு பேரும் அடுத்த வருடமே இருமல், சளி என்று வந்தார்கள். விட்டதைப் பிடித்து, மேலே இரண்டு மூன்று சேர்த்தும் வந்தார்கள். ஆராய்ச்சி ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது. தராசு முடியவில்லை.

அவள் தங்கை அந்த ஐம்பத்திரண்டில் ஒருத்தி.

தங்கை தையற்காரி. பெண்களுக்குச் சட்டை, கவுன், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பாள். அக்காவின் அதே வாகு, அதே அகலம். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் நடைபாதையில் எதிரே வருகிறவர் இறங்கிப் போக வேண்டும். அவளுக்கு ஒரு வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை தனக்கென்று ஒரு சட்டை தைப்பாள். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் அளவைத் தேதி போட்டு எழுதுவாள். ஆராய்ச்சி முடிந்து மூன்று வருடம் கழித்து ஒருநாள் நாடாவைச் சுற்றி எழுதியவள், நோட்டையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, போன வருஷம் கை சுற்றளவு பதினேழு. இப்ப பதினாலரை. இடுப்பு நாப்பத்திநாலு. இப்ப அம்பது."

"நாடா தப்பா பிடிச்சிருப்ப."

"நானா?" தங்கைக்கு முகம் சுருங்கியது. "முப்பது வருஷமா அடுத்தவங்க உடம்பை அளக்கறேன். கை இளைச்சு வயிறு மட்டும் பெருத்தவங்க ரெண்டே பேர்தான் எங்கிட்ட வந்திருக்காங்க. ஒருத்தி புள்ளத்தாச்சி. இன்னொருத்தியை அடுத்த வருஷம் அளக்கறதுக்கு அவளே இல்ல."

தட்டில் வைத்த ரொட்டியில் பாதிக்குமேல் இறங்கவில்லை. வயிறு நிரம்பிவிட்டது என்றாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். மணிக்கொரு தரம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. தராசக்கா கேட்டுக்கொண்டாள். இருபத்தாறு வருடம் நோயாளிகளின் பேச்சைக் கேட்ட காதுக்கு இது ஒன்றும் புரியாத பாஷை அல்ல. ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்குப் பெரிய டாக்டரின் கையெழுத்து வேண்டும்.

தங்கை மூன்று தடவை போனாள். முதல் தடவை தொண்ணூற்றெட்டுக் கிலோ. இரண்டாம் தடவை தொண்ணூற்றேழு. மூன்றாம் தடவையும் தொண்ணூற்றேழு. கை இளைத்ததும் வயிறு பெருத்ததும் ஒன்றையொன்று ஈடு கட்டிவிட, தராசுக்கு எதுவுமே நடக்கவில்லை. அட்டை மூன்று முறையும் வலது தட்டில் விழுந்தது.

"டாக்டர், வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"முன்ன ஒழுங்கா குறைச்சீங்க. இப்ப ஏன் விட்டுட்டீங்க?"

"நான் சாப்பிடறதே இல்லைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

மூன்று தாள்கள் வந்தன. தங்கை அவற்றை ஒட்டி ஒரு சட்டைக் கழுத்துக்கு மாதிரி வெட்டிக்கொண்டாள். நல்ல தடித்த தாள் என்றாள். சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அதைப் பார்த்தபோதுதான் தராசக்காவுக்குப் புரிந்தது. இன்னொரு தாள் வரும்வரை இவள் இருக்க மாட்டாள்.

அடுத்த தடவை சுழிக்காமல் விட்டால் என்ன? அதை ஏற்கெனவே ஒரு கிழவருக்குச் செய்து பார்த்திருந்தாள். "நம்பர் நூத்திமூணு, சுத்தலையே, கண்ணு தெரியலையா?" என்று பெரிய டாக்டர் அட்டையைத் திருப்பி எறிந்தார். பொய்யாக அறுபது என்று எழுதினால்? கை போய் நின்றுவிட்டது. மயக்க மருந்தை எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அந்தப் பொய் அட்டையோடு அறுவை அறை வரை போய்விட்டால் ஆள் மேசையிலேயே விழித்துக்கொள்ளும். எழுதினால் உண்மையை எழுத வேண்டும். இல்லாவிட்டால் எழுதவே கூடாது.

எழுதவே கூடாது.

வாரம் ஒருமுறை அவள் தராசைத் துடைப்பாள். தண்டின் முனையில் ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் எடைக்கல் வெளியே வந்துவிடும். பளபளவென்று துடைத்து மறுபடி மாட்டுவாள். அந்தத் திங்கட்கிழமை துடைத்தாள், மாட்டவில்லை. எடைக்கல் அவள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போனது. குழந்தைகள் பிரிவிலும், உள்நோயாளர் பிரிவிலும், அறுவைப் பிரிவிலும் தனித் தராசுகள் உண்டு என்பதை முதலிலேயே எண்ணிப் பார்த்துவிட்டாள். யாருக்கும் ஆபத்து இல்லை.

"தராசு பழுது டாக்டர்."

"சரி பண்ணச் சொல்லுங்க."

பழுதுபார்க்க ஒரு படிவம். படிவத்துக்கு மூன்று கையெழுத்து. மூன்றாவது கையெழுத்துக்காரர் விடுப்பில் இருந்தார். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா?

முதல் நாள் பெரிய டாக்டர் கை ஒடிந்தவர் மாதிரி ஆகிவிட்டார். அட்டைகள் எல்லாம் இடது தட்டில் குவிந்தன. எண் இல்லை, சுழி இல்லை. ஆள் முன்னால் வந்து நின்றால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்தே பருமனைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான்கு வருடமாக அவர் நிமிர்ந்து பார்த்தால்தானே? கடைசியில், வேறு வழியில்லாமல், ஒரு பழைய கேள்வியைக் கேட்டார்.

"என்ன பண்ணுது?"

உள்ளே நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஒன்பது நாளில் அந்த ஆஸ்பத்திரியில் நோய்கள் பெருகின. நான்கு மாதமாக 'குறைக்கவும்' வாங்கிய ஒரு சமையல்காரிக்குக் காலில் ரத்தம் உறைந்திருந்தது தெரியவந்தது. ஒரு தபால்காரருக்குக் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யவே இல்லை. லாரி ஓட்டுநர் ஒருவரின் இருமலுக்குப் படம் எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு பெரிய நிழல். அந்த ஓட்டுநர் ஒரு வருடமாக வந்துகொண்டிருந்தவர். ஒரு வருடமாக அவருக்குக் கிடைத்தது அரை ஆப்பிள். மழைக்காலத்துக்குள் அவர் போய்விட்டார்.

தங்கை வியாழக்கிழமை வந்தாள். பரிசோதனைக்கு மாற்றிக்கொள்ளக் கொடுத்த கவுன் எல்லோருக்கும் ஒரே அளவு. அவளுக்கு முன்பக்கம் பாதிதான் மூடியது. இன்னொரு கவுன் கேட்டாள். "ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்" என்றார்கள். தராசக்கா ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, யாரும் வெளியே போகச் சொல்வதற்கு முன்பே சுவரோரம் நின்றுகொண்டாள்.

பெரிய டாக்டர் வயிற்றில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது. இன்னொரு கையையும் வைத்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"ஆறு மாசமா சொல்றேன் டாக்டர்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்ககிட்டதான்."

அவர் அட்டையைப் புரட்டினார். மூன்று இடத்தில் அவர் கையெழுத்து, மூன்று இடத்திலும் அதே ஒரு வார்த்தை. தங்கை படுத்தபடியே பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார். கை, இடுப்பு, தேதி. சீட்டில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'அவசரம்' என்று எழுதினார்.

கருப்பையை ஒட்டி ஒரு கட்டி. திங்கட்கிழமை வெளியே எடுத்தார்கள். பதிமூன்று கிலோ. அறுவைப் பிரிவு நர்ஸ் வந்து தராசக்காவிடம் சொன்னாள். கெட்ட கட்டி இல்லை என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. கட்டிக்கு ரத்தம் போகும் காம்பு முறுக்கத் தொடங்கியிருந்தது, இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் பேச்சே இல்லை என்றார் அறுவை டாக்டர். அவர் நல்ல மனிதர். எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு மருந்து ஏற்ற வேண்டும் என்று பார்க்க மட்டும் அதைக் கேட்டார். எடைக்கு அதுதான் வேலை.

கட்டியைப் பற்றிய நல்ல செய்தி வந்த அதே நாள், காணாமல் போன எடைக்கல்லைத் துப்புரவுப் பெண்தான் எடுத்து விற்றிருப்பாள் என்று பேச்சு கிளம்பியது. அவளைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார்கள். தராசக்கா நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரனின் அறைக்குப் போனாள். உள்ளே மேட்ரன், பெரிய டாக்டர், ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்த்தவர்களின் மாத எடை பார்க்க முடியாமல் ஒன்பது நாளாகக் குதித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி டாக்டர் மூன்று பேரும் இருந்தார்கள். அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எடைக்கல்லை மேசைமேல் வைத்தாள். பஞ்சுப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்புங்க. இது நான் எடுத்தது. இது அவர் எடுக்கச் சொன்னது, எண்பத்தெட்டு கார்டு. ரெண்டுல எது காணாமப் போனது பெரிசுன்னு நீங்களே சொல்லுங்க."

"ஆராய்ச்சி வேற, இது வேற!" என்றார் ஆராய்ச்சி டாக்டர். "அவங்களை நாங்க தொடர்புகொள்ள முடியல. அதை எழுத்துலயே போட்டிருக்கோம்."

தராசக்கா பெட்டியிலிருந்து மேலே கிடந்த அட்டையை எடுத்தாள். "இது யாரு தெரியுதா டாக்டர்? வாசல் காவலாளி. தினம் காலையில உங்க காருக்குக் கேட் திறந்து சலாம் போடறாரே, அவரு. அவரைத் தொடர்புகொள்ள முடியலையா உங்களால?"

மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. பெரிய டாக்டர் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். கேட்கவில்லை. தட்டுகள் இரண்டும் ஒன்றாகவும் ஆகவில்லை. மின்சாரத் தராசு ஒன்று வாங்கினார்கள். அது தானாகவே சிவப்பு விளக்குப் போடும்.

மருத்துவமனைப் பொருளைக் கையாடியதற்காகத் தராசக்காவைத் துணி அறைக்கு மாற்றினார்கள். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை. அடுக்கடுக்காக விரிப்புகள், தலையணை உறைகள், ஒரே அளவுக் கவுன்கள். தண்டனை என்று நினைத்துத்தான் அனுப்பினார்கள். அங்கே கழித்துப் போட்ட விரிப்புகள் ஒரு மலை அளவு கிடந்ததையும், அவள் தங்கைக்குத் தையல் தெரியும் என்பதையும் அவர்கள் யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை மறுபரிசோதனைக்கு வந்தாள். எண்பத்து நான்கு கிலோ. அதைப் பார்த்த ஆராய்ச்சி டாக்டர் ஓடி வந்தார், ஓடத்தான் தெரியுமே. பதிமூன்று கிலோ குறைந்திருக்கிறது, நம் திட்டத்தில் இருந்தவர், பலகையில் படம் போட வேண்டும் என்றார்.

"தாராளமாப் போடுங்க டாக்டர்," என்றாள் தங்கை. "பக்கத்துல அந்தக் கட்டியோட படத்தையும் போடணும். குறைச்சது அதுதான், நான் இல்ல."

அவர் அவளுடைய படத்தை மட்டும் போட்டார். அது எட்டு மாதம் தொங்கியது. பிறகு ஒருநாள் காணோம். தங்கையின் அட்டையும் இழுப்பறையில் இல்லை என்று மேலே இருந்து வந்த நர்ஸ் சொன்னாள்.

அன்று தங்கை துணி அறையில்தான் இருந்தாள். தினமும் மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து, அக்காவின் மேசையில் பழைய விரிப்புகளைப் பரப்பி, அகலக் கவுன் வெட்டிக்கொண்டிருப்பாள். அதுவரை முப்பது தைத்தாகிவிட்டது. எந்தக் கையெழுத்தும் வாங்கவில்லை. மேட்ரன் ஒருமுறை வந்து பார்த்தார். ஒன்றைத் தன்மேல் போட்டுப் பார்த்தார். இன்னும் இருபது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அளவு என்ன போட அக்கா?"

"உன் அளவே போடு. அதான் கைவசம் இருக்கே."

"பழசு பழசாப் போச்சு, இரு." தங்கை நாடாவைக் கையைச் சுற்றிப் பிடித்தாள். ஒரு நிமிடம் விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள். "பதினாறரை."

"சரியாப் பிடிடீ."

"நான் சரியாத்தான் பிடிப்பேன். சதை போட்டிருக்கு. பத்து மாசமா வயிறு நிறையச் சாப்பிடறேனே, போடாதா?"

தராசக்கா எழுந்து வந்து, தானும் நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். பதினாறரைதான். நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து, தேதி போட்டு, தங்கை சொல்வதற்கு முன்பே எழுதினாள். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தாள்.